கால் எட்டும் உயரம்

2005 ஜூலை 1 அன்று ஹைதராபாத்தில் ஒரு மூன்று சக்கர சைக்கிள் ஓடியது. உயரம் 41 அடி 7 அங்குலம். நாலு மாடி வீட்டின் மொட்டை மாடியை எட்டிப் பார்க்கும் உயரம் அது. நீளம் 37 அடி 4 அங்குலம். சக்கரத்தின் குறுக்களவு மட்டுமே 17 அடி. உலகின் மிகப் பெரிய மூன்று சக்கர சைக்கிள் என்று கின்னஸ் புத்தகம் அதைப் பதிவு செய்துகொண்டது. கட்டியவர் அதே ஊர்க்காரரான கே. சுதாகர்.

சுதாகர் பள்ளிக்கூட நாட்களிலேயே பழைய இரும்புக் கடை உதிரிகளை வைத்து வண்டி கட்டத் தொடங்கியவர். கிரிக்கெட் பந்து, செருப்பு, கைப்பை, கேமரா, பென்சில், கத்தரிக்காய், கட்டில் என்று கண்ணில் பட்ட பொருளையெல்லாம் ஓடும் காராக்கினார். அவற்றுக்காக 2010இல் பகதூர்புராவில் ஓர் அருங்காட்சியகமும் திறந்தார். பக்கத்தில் உள்ள நேரு உயிரியல் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் குடும்பங்கள் புலியையும் யானையையும் பார்த்துவிட்டு அங்கேயும் நுழைகின்றன. பெரியவர்கள் அங்கே வேடிக்கை பார்க்கிறார்கள். குழந்தைகளின் கை மட்டும் எந்த வண்டியில் ஏறலாம் என்று தேடுகிறது.

41 அடி சைக்கிளைக் கட்டிய மனிதர் தன் சாதனைக்கு எடுத்துக்கொண்ட வடிவம், மூன்று வயதுப் பிள்ளை முதன்முதலாக மிதிக்கும் வண்டியின் வடிவம். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. பார்த்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிற உருவம் அது. ஆனால் அந்தச் சின்ன வண்டியை ஒரு குழந்தைக்கென்று தேர்ந்தெடுக்கும்போது எல்லாமே உயரத்தில்தான் அடங்கியிருக்கிறது. பொம்மைகளின் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 8124. அது ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது: இருக்கையை முழுக்க உயர்த்தினாலும் தரையிலிருந்து 435 மில்லிமீட்டரைத் தாண்டாத சைக்கிள்தான் பொம்மை. தாண்டினால் அது வாகனத்தின் கணக்கில் போய்விடும். நாற்பத்து மூன்றரை சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ ஒரு முழம்.

அந்த ஒரு முழத்துக்கு மனிதர்கள் வந்து சேர்ந்த வழி மிக நீளமானது. தொடக்கத்தில் குழந்தை வண்டியில் ஏறவே இல்லை. இழுத்தது.

சிந்துவெளி ஊர்களான ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் சுட்ட களிமண்ணால் செய்த சின்னஞ்சிறு வண்டிகளும் அவற்றின் சக்கரங்களும் கிடைத்திருக்கின்றன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த ஊர்களின் தெருவில் ஓடிய மாட்டுவண்டியின் கைக்கடக்கமான நகல்கள் அவை. சூத்திரகர் எழுதிய வடமொழி நாடகமான மிருச்சகடிகம் தன் பெயரையே ஒரு மண் வண்டியிடமிருந்து பெற்றது. அண்டை வீட்டுப் பிள்ளையின் பொன் வண்டியோடு விளையாடிவிட்டு வந்த ரோகசேனன் என்ற சிறுவன் தன்னுடைய மண் வண்டி வேண்டாமென்று அழுகிறான். அவன் அழுகை பொறுக்காத நாயகி வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண் வண்டியிலே நிரப்புகிறாள். பக்கத்து வீட்டு வண்டியைப் பார்த்துப் பிள்ளை அழுவதும், அந்த அழுகைக்காகப் பெரியவர்கள் செலவழிப்பதும் அவ்வளவு பழைய கதை.

தமிழில் இன்னும் துல்லியமான சாட்சியம் இருக்கிறது. சங்கப் புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் தன் இரண்டு நெடும்பாட்டிலும் குழந்தையின் வண்டியை மறக்காமல் வைத்திருக்கிறார். பெரும்பாணாற்றுப்படையில் வருவது தச்சர்கள் செய்து கொடுத்த அழகான தேர். பிள்ளைகள் அதன்மேல் ஏறுவதில்லை, உருட்டித்தான் விளையாடுகிறார்கள். உருட்டிக் களைத்தபின் செவிலியிடம் பால் குடித்துத் தூங்கிப்போகிறார்கள். பட்டினப்பாலையில் காட்சி காவிரிப்பூம்பட்டினத்தின் முற்றம். காயும் தானியத்தைக் கொத்த வரும் கோழியை விரட்டப் பெண்கள் காதணியைக் கழற்றி எறிகிறார்கள். விழுந்த காதணி, அங்கே சிறுவர்கள் உருட்டிவரும் சிறுதேரின் வழியை மறிக்கிறது. அந்தத் தேருக்கு மூன்று கால் என்றும் புலவர் கணக்குச் சொல்கிறார். நகரத்தின் செல்வத்தைக் காட்ட வந்த காட்சியில் மூன்று சக்கர வண்டி ஒன்றின் பதிவும் கிடைத்துவிடுகிறது.

குறுந்தொகையின் 61ஆம் பாட்டு இதே பொருளை வேறொரு கோணத்தில் தொடுகிறது. பாடியவர் தும்பிசேர்கீரனார். தச்சன் செய்து தந்த சிறு வண்டியில் ஏறிச் செல்ல முடியாவிட்டாலும் அதைக் கையால் இழுத்தே மகிழும் குழந்தைகளைத் தோழி உவமையாகச் சொல்கிறாள். ஏறிப் போகும் இன்பம் ஒன்று, இழுத்துப் போகும் இன்பம் வேறொன்று என்று அந்தப் பாட்டுக்குத் தெரிந்திருக்கிறது. குழந்தை வண்டிகளின் வரலாறு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்திருக்கிறது.

பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கிய வகை வந்தபோது சிறுதேர் ஒரு பருவமாகவே ஆனது. குலோத்துங்க சோழனைப் பாடிய ஒட்டக்கூத்தர் காலந்தொட்டு, ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசி மூன்று சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று அமைந்தன. பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். தேர் பையனுக்குப் போனது. பெண் குழந்தைக்கு ஓரிடத்திலேயே முன்னும் பின்னும் ஆடும் ஊஞ்சல் வாய்த்தது. இன்று கடைகளில் நீல வண்டி ஒரு வரிசையிலும் இளஞ்சிவப்பு வண்டி இன்னொரு வரிசையிலும் நிற்கின்றன. சக்கரம் இரண்டு வரிசைக்கும் கிடைத்துவிட்டது என்பதே அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வேறுபாடு.

இழுப்பதற்கும் ஏறுவதற்கும் நடுவே இன்னொரு படி உண்டு. அது தள்ளுவது. நடைவண்டி தெரியாத தமிழ் வீடு ஒரு காலத்தில் அரிது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை. தச்சர் செய்யும் எளிய பொருள்தான், ஆனால் அதன் யோசனை எளிதானதல்ல. வண்டி குழந்தையைச் சுமக்காது; குழந்தைதான் வண்டியைத் தள்ள வேண்டும். எழுந்து நிற்க முடிகிற பிள்ளைக்கு மட்டுமே அது பயன்படும். நிற்க முடியாத பிள்ளையை அது எங்கேயும் கொண்டுபோகாது.

இதன் நேர் எதிர், துணி இருக்கையில் உட்காரவைத்து உருளவிடும் வட்டமான வாக்கர். இன்னும் நிற்கப் பழகாத குழந்தைக்கும் அது வேகத்தைக் கொடுத்துவிடுகிறது. மாடிப்படியில் உருண்டு விழுந்த விபத்துகளைப் பார்த்த கனடா 2004 ஏப்ரலில் அதன் விற்பனையையே தடை செய்தது. அப்படித் தடை செய்த முதல் நாடு கனடாதான். நம் ஊர்க் கடைகளில் அது இன்னும் கிடைக்கிறது. குழந்தை நல மருத்துவர்கள் பலர் வேண்டாமென்றே சொல்கிறார்கள். மரத்தில் செய்த பழைய நடைவண்டிக்கு இருந்த ஒரு நல்ல குணம், அது குழந்தையின் கால் வேகத்தை மீறிப் பெரிதாக ஓடாது என்பது.

ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள நிலம் மரப்பொம்மைக்குப் பேர்போனது. வடக்கே நிர்மல். கிழக்கே கிருஷ்ணா கரையில் கொண்டபள்ளி. இன்னும் தள்ளி விசாகப்பட்டினம் பக்கம் ஏடிகொப்பாகா. ஆனால் நிர்மலிலும் கொண்டபள்ளியிலும் பொம்மைக்கு எடுக்கும் போனிகி மரம் மிக மென்மையானது. எடை குறைவு, செதுக்க இதம், வண்ணம் நன்றாகப் பிடிக்கும். அம்பாரி யானைக்கும் அலமாரியில் நிற்கும் பொம்மைக்கும் அது பொருந்தும். ஒரு பிள்ளையின் எடையைத் தாங்கி முற்றத்தில் ஓட அதனால் ஆகாது. ஏடிகொப்பாகாவின் கடைசல்காரர்கள் எடுக்கும் மரத்துக்குத் தெலுங்கில் அங்குடு என்று பெயர். தமிழில் அதுவே வெட்பாலை. அதில் உருளும் சிறு பொருள்கள் வழுவழுவென்று வரும். ஆக இந்தப் பகுதியின் பெருமைக்குரிய பொம்மை மரபுகள் காட்சிக்கும் கைக்கும் செய்தவை. ஏறி ஓட்டும் வண்டிக்கு வேறொரு தொழிற்சாலை வேண்டியிருந்தது. அது இரும்பிலும் கம்பிச் சக்கரத்திலும் வந்தது.

1817 ஜூன் 12. ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிராய்ஸ் என்ற வனத்துறை அதிகாரி தான் செய்த மர இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்தார். வரிசையில் இரண்டு சக்கரம், மிதிகட்டை கிடையாது. காலால் தரையை உந்தி உந்தி ஓடினார். ஐம்பது ஆண்டு கழித்து, 1860களில், பாரிஸ்காரர்கள் முன் சக்கரத்தின் அச்சிலேயே மிதிகட்டையைப் பூட்டினார்கள். சங்கிலி இல்லை. மிதிகட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரே ஒரு சுற்றுதான். அதிக தூரம் போக வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வழியில்லை. 1870களில் ஆளுயரத்துக்கு முன் சக்கரம் வளர்ந்த விசித்திர சைக்கிள்கள் இங்கிலாந்துச் சாலைகளில் ஓடியதன் காரணம் இந்தக் கணக்குதான்.

உயரத்திலிருந்து விழ விரும்பாதவர்களுக்கு மூன்று சக்கர வண்டி வந்தது. கோவெண்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி 1877இல் செய்த சால்வோ அவற்றில் புகழ்பெற்றது. விக்டோரியா மகாராணியே 1881இல் இரண்டு வாங்கினார். அப்போது மூன்று சக்கர சைக்கிள் மதிப்பான பெரியவர்களின் வாகனம். சீமாட்டிகளும் மருத்துவர்களும் பாதிரியார்களும் அதில் போனார்கள். 1885இல் ஸ்டார்லியின் சகோதரர் மகனான ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறத்தாழ ஒரே அளவான இரண்டு சக்கரங்களும் பின் சக்கரத்துக்குச் சங்கிலியும் கொண்ட ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். அதன்பின் பெரியவர்களுக்கு மூன்றாவது சக்கரமும் தேவைப்படவில்லை, முன் சக்கரத்து மிதிகட்டையும் தேவைப்படவில்லை.

பெரியவர்கள் விட்டுப்போன அந்த இரண்டையும் குழந்தைகள் எடுத்துக்கொண்டார்கள். இன்று ஒரு மூன்று வயதுப் பிள்ளை மிதிக்கிற வண்டியைக் குனிந்து பார்த்தால் 1860களின் பாரிஸ் அமைப்பு அப்படியே இருக்கிறது. பெரியவருக்குக் குறையாகப் பட்ட ஒவ்வொன்றும் குழந்தைக்குக் காவலானது. 12 அங்குல முன் சக்கரம் ஒரு சுற்றுக்கு மூன்றடி சொச்சம்தான் நகரும். எவ்வளவு வேகமாக மிதித்தாலும் வண்டி பிடிக்கு அடங்கியே ஓடும். பிள்ளை மிதிப்பதை நிறுத்தினால் வண்டியும் நிற்கும். மிதிகட்டையே பிரேக். சுதாகருடைய சைக்கிளின் 17 அடிச் சக்கரமோ ஒரு சுற்றில் 53 அடி உருளும்.

பொம்மை விதிகளும் இதைப் புரிந்துகொண்டே எழுதப்பட்டவை. தன்போக்கில் உருண்டு ஓடக்கூடிய வண்டிக்குப் பிரேக் கட்டாயம். மிதிகட்டை நேராகச் சக்கரத்தோடு பூட்டிய வண்டிக்கு விலக்கு உண்டு. கால் தடையில்லாமல் தரையில் ஊன்றக்கூடிய வண்டிக்கும் விலக்கு உண்டு. குழந்தையின் காலையே ஒரு பிரேக்காக அந்த விதி ஏற்றுக்கொள்கிறது.

இருபதாம் நூற்றாண்டு காரின் நூற்றாண்டு. பெரியவர்கள் கார் வாங்கியதும் பிள்ளைகளுக்கும் கார் வேண்டியிருந்தது. பிரான்சில் எட்டோரே புகாட்டி தன் மகன் ரோலானுக்காக 1926இல் பந்தயக் கார் ஒன்றைப் பாதி அளவில் மின்சாரத்தில் ஓடுமாறு கட்டினார். பார்த்தவர்கள் கேட்கவே அதை விற்பனைக்கும் கொண்டுவந்தார். அது செல்வந்தர் வீட்டு வண்டி. மிதித்து ஓட்டும் கார்களில் மனதில் நிற்பது தெற்கு வேல்ஸின் பார்கோட் ஊரில் பிறந்தது. 1949 முதல் 1971 வரை ஆஸ்டின் ஜே40 என்ற தகரக் கார் அங்கே தயாரானது. செய்தவர்கள் நிலக்கரிச் சுரங்கத்தில் தூசி படிந்து நுரையீரல் கெட்டு, பழைய வேலைக்குத் திரும்ப முடியாத தொழிலாளர்கள். விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும் அந்தக் கார்களை அவர்கள் 32,000க்கு மேல் கட்டி அனுப்பினார்கள். இருட்டில் உழைத்துத் தேய்ந்தவர்களின் கை, வெயிலில் விளையாடும் பிள்ளைகளுக்கு வண்டி செய்துகொண்டிருந்தது.

பிறகு பிளாஸ்டிக் வந்தது. இருக்கை தாழ்ந்தது. 1969இல் அமெரிக்காவின் லூயி மார்க்ஸ் நிறுவனம் பிக் வீல் என்ற மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்தபோது பிள்ளை கிட்டத்தட்டத் தரையோடு தரையாக உட்கார்ந்தது; வண்டி கவிழ்வது கடினம். 1972இல் ஜெர்மனியில் பாபி கார். 1979இல் ஒஹாயோவின் லிட்டில் டைக்ஸ் நிறுவனம், ஜிம் மாரியோல் வடிவமைத்த சிவப்பு உடலும் மஞ்சள் கூரையும் கொண்ட கோஸி கூப்பை விற்கத் தொடங்கியது. அதற்கு மிதிகட்டையும் இல்லை, சங்கிலியும் இல்லை. கீழே தரை திறந்திருக்கும். பிள்ளை உள்ளே உட்கார்ந்து காலால் உந்தி ஓட்டும். 1817இல் டிராய்ஸ் செய்ததும் இதைத்தான். அதே நினைவு 1997இல் ஜெர்மனியில் இன்னொரு முறை திரும்பி வந்தது. ரோல்ஃப் மெர்ட்டென்ஸ் தன் குழந்தைக்காக மிதிகட்டை இல்லாத சின்ன மர சைக்கிள் செய்தார். இன்று பேலன்ஸ் பைக் என்ற பெயரில் உலகம் முழுக்க ஓடுகிறது. பக்கச் சக்கரம் வைத்துப் பழகிய பிள்ளை அதைக் கழற்றும் நாளில்தான் சாயாமல் ஓட்டக் கற்றாக வேண்டும். காலால் உந்திப் பழகிய பிள்ளை அதை முதலிலேயே கற்றுவிடுகிறது. மிதிப்பதைப் பிறகு சேர்த்துக்கொள்கிறது.

ஹைதராபாத்துக்கு இவையெல்லாம் வந்து சேர்ந்த வாசல்களில் ஒன்று நுமாயிஷ். 1938இல் பொதுப் பூங்காவில், உஸ்மானியா பல்கலைக்கழகப் பட்டதாரிகளின் முயற்சியில், உள்ளூர்ப் பொருள்களுக்கென்று தொடங்கிய பொருட்காட்சி அது. 1946இல் நாம்பள்ளி மைதானத்துக்கு மாறியது. ஜனவரி பிறந்ததும் தொடங்கி பிப்ரவரி நடு வரை நடக்கும் அந்தக் காட்சியில் காஷ்மீர்ச் சால்வையும் லக்னோ துணியும் பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்குச் சுற்றும் ராட்டினமும் மைதானத்தைச் சுற்றி ஓடும் குட்டி ரயிலும். 1963இல் மீர் ஆலம் ஏரிக்கரையில் நேரு உயிரியல் பூங்கா திறந்தது. அங்கேயும் ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. ஏறி உட்கார்ந்து போகும் முதல் இன்பத்தை அந்த ஊரின் பல தலைமுறைக்குக் கொடுத்தவை இத்தகைய ரயில்கள். அந்த ரயிலை ஓட்டுவது வேறொருவர். தானே ஓட்டும் வண்டி வீட்டுக்கு வர வேண்டும்.

விடுதலைக்குப் பின் இந்தியாவில் சைக்கிள் தொழில் வளர்ந்தது. சென்னையில் 1949இல் டிஐ சைக்கிள்ஸ் உருவானது, லூதியானாவில் 1956இல் ஹீரோ. பெரியவர் சைக்கிளோடு குழந்தை சைக்கிளும் ஊர் ஊராகப் போனது. ஹைதராபாத்தில் பழைய மொத்த விற்பனைச் சந்தையான பேகம் பஜார் பொம்மைகளுக்கும் இடம் கொடுத்தது. பித்தளையும் மளிகையும் மிட்டாயும் விற்கிற அந்தச் சந்துகளில் பிளாஸ்டிக் வண்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன.

அந்த ஊரில் வண்டி தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஊரே இரண்டு பாடம் சொல்கிறது. முதலாவது பாறை. ஹைதராபாத் தக்காணப் பீடபூமியின் கருங்கல் மேடுகளில் பரந்திருக்கும் நகரம். பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ் என்ற பெயர்களே நிலத்தைச் சொல்லிவிடும். தெருவும் சரிவு, அடுக்குமாடிகளில் கார் இறங்கும் தளமும் சரிவு. சமதரையில் மிதிகட்டை பிரேக்காக நிற்கிற அதே வண்டி சரிவில் இறங்கினால், சக்கரம் மிதிகட்டையைச் சுழற்றத் தொடங்கிவிடும். பிள்ளையின் கால் அந்தச் சுழற்சிக்கு ஈடுகொடுக்க முடியாமல் விலகும். விலகியபின் அந்த வண்டிக்குப் பிரேக் இல்லை. கால் ஊன்றும் வண்டியிலும் இதே கதைதான். இருக்கை உயரமாக இருந்தால் ஊன்றத் தரை எட்டாது. குழந்தை விளையாடப் போகும் இடம் எப்படிப்பட்டது என்பதைப் பார்த்தபின்தான் வண்டியைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வெயில். ஏப்ரல், மே மாதங்களில் ஹைதராபாத் 40 டிகிரியைத் தொடும். இரும்புக் கைப்பிடியும் கறுப்பு இருக்கையும் பிற்பகலில் பிள்ளையின் தோலுக்கு ஆகாது. மொட்டை மாடியில் கோடை முழுக்கக் கிடந்த மலிவான பிளாஸ்டிக் வெளுத்து, நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். சக்கரம் அச்சில் சேரும் இடத்தில் முதல் விரிசல் விழும். வெயிலில் வைக்காமல் எடுத்து வைக்க இடம் உண்டா என்ற கேள்விக்கு வண்டியின் விலையைவிட அதிக மதிப்புண்டு.

அரசும் பொம்மைக் கடைக்குள் நுழைந்தது சமீபத்தில்தான். 2020 பிப்ரவரியில் இறக்குமதிப் பொம்மைகளுக்கான சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023இல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமானது. மின்சாரம் இல்லாதவற்றுக்கு ஐஎஸ் 9873, மின்சாரத்தில் ஓடுபவற்றுக்கு ஐஎஸ் 15644. பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு கொடுத்தார்கள். அதனால் நிர்மலும் கொண்டபள்ளியும் தப்பின. ஏறி ஓட்டும் வண்டி என்றால் அதன் மேல் எடை வைத்துத் தாங்குகிறதா என்றும், சாய்தளத்தில் நிறுத்திக் கவிழ்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். கடையில் முத்திரையைத் தேடுவது அந்தச் சோதனையைத் தேடுவதுதான். அது இல்லாத வண்டியை யார் எந்தச் சாய்தளத்தில் நிறுத்திப் பார்த்தார்கள் என்று சொல்ல ஆள் இல்லை.

பேட்டரி வண்டிகள் இப்போது கடைகளின் முன்வரிசையில் நிற்கின்றன. ஜீப், பைக், பெரிய கார்களின் குட்டி நகல். அப்பா கையில் ரிமோட், பிள்ளை உள்ளே. அமெரிக்காவில் இவற்றின் பழைய வரலாற்றில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. 1998 அக்டோபரில், மின் பாகங்கள் சூடேறித் தீப்பிடிக்கும் வாய்ப்புக்காக ஒரு கோடி வரையிலான பவர் வீல்ஸ் வண்டிகளைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள். தீ ஒரு பக்கம் இருக்க, வரலாற்றின் வரிசையில் வைத்துப் பார்த்தால் இந்த வண்டிக்கு இன்னொரு தனித்தன்மை தெரிகிறது. சங்ககாலப் பிள்ளை இழுத்தது, நடைவண்டிப் பிள்ளை தள்ளியது, மூன்று சக்கரத்துப் பிள்ளை மிதித்தது. பேட்டரி வண்டியில் பிள்ளையின் காலுக்கு வேலையே இல்லை. குட்டி ரயிலில் உட்கார்ந்து போவதைப் போல அதுவும் ஓர் இன்பம்தான். பூங்கா வாசலில் கால் மணி நேர வாடகைக்கு ஏறி இறங்கலாம். தினமும் விளையாட வாங்கும் வண்டி என்று வரும்போது, குழந்தையின் உடம்பு அதில் என்ன கற்கிறது என்று பெற்றோர் கேட்பது நியாயம்.

உடம்பு கற்பதற்கு ஒரு வரிசை உண்டு. நம் மருத்துவக் கல்லூரிகளில் படிக்கும் குழந்தை நலப் பாடநூல்கள், மூன்று வயதுப் பிள்ளையின் வளர்ச்சி அடையாளங்களில் ஒன்றாக மூன்று சக்கர சைக்கிள் மிதிப்பதைச் சேர்த்திருக்கின்றன. ஒரு பொம்மை மருத்துவர்களின் அளவுகோலாகவும் ஆகிவிட்டது. ஒரு காலை அழுத்தும்போது மறுகாலைத் தூக்க வேண்டும், கை வேறு திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கண் முன்னே போக வேண்டும். இவ்வளவும் ஒரே சமயத்தில் கூடி வருவது ஏறக்குறைய அந்த வயதில்தான். அதற்கு முன், நடக்கத் தொடங்கும் காலத்துக்குத் தள்ளும் வண்டி. நடை உறுதியானபின், ஒன்றரை வயதையொட்டி, காலால் உந்தும் தாழ்ந்த வண்டி. மிதிகட்டை அதற்கும் பிறகு. இழுத்தது, தள்ளியது, உந்தியது, மிதித்தது என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நடந்த மாற்றங்களை ஒரு பிள்ளை மூன்றே ஆண்டில் கடந்துவிடுகிறது.

இங்கேதான் நம் வீடுகளின் ஒரு பழைய வழக்கம் குறுக்கே வருகிறது. "வளர்ற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெரிசாவே வாங்கு" என்பார்கள். பள்ளிச் சட்டைக்கும் காலணிக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம், சிக்கனத்திலிருந்து பிறந்தது. அதன் பின்னால் உள்ள அக்கறையும் உண்மையானது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி முதல் பிறந்த நாளில் 75 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும் பிள்ளை, மூன்றாம் பிறந்த நாளில் 95ஐத் தாண்டிவிடுகிறது. இரண்டே ஆண்டில் 20 சென்டிமீட்டர். இவ்வளவு வேகமாக வளரும் உடம்புக்கு அடுத்த ஆண்டுக்கான வண்டியை இன்றே வாங்கத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் பெரிய சட்டையைக் கைமடித்துப் போடலாம், பெரிய வண்டியை அப்படிச் செய்ய முடியாது. கால் எட்டாத இருக்கையில் உட்கார்ந்த பிள்ளைக்கு மிதிக்கவும் வராது, ஊன்றவும் வராது. ஒரு முறை விழுந்தபின் அந்த வண்டி மாடிப்படிக்கு அடியில் போய்விடும். இருக்கையையும் கைப்பிடியையும் ஏற்றி இறக்கும் வசதியுள்ள வண்டி கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தாலும், சிக்கனம் தேடும் வீட்டுக்கு அதுவே உகந்தது. அண்ணன் ஓட்டியதைத் தங்கைக்கு இறக்கி வைக்கலாம்.

வண்டி ஓட்ட இடமும் வேண்டும். 2021 ஆகஸ்ட் கடைசி ஞாயிறு தொடங்கி, ஹைதராபாத்தின் ஹுசைன் சாகர் ஏரிக்கரையின் டேங்க் பண்ட் சாலையை ஞாயிறு மாலைகளில் வண்டிகளுக்கு மூடி மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். சண்டே ஃபன்டே என்று பெயர். வழக்கமாகப் பேருந்தும் ஆட்டோவும் போகிற அகலமான சமதளச் சாலையில் பிள்ளைகள் ஓடினார்கள். 2023 அக்டோபரில் வெளிவட்டச் சாலையையொட்டிச் சூரிய மின்தகட்டுக் கூரையோடு 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதையும் திறந்தது. அது பெரிய சைக்கிள்களுக்கான இடம். மூன்று வயதுப் பிள்ளைக்கு வேண்டியது வீட்டு வாசலையொட்டி, கார் வராத, சரிவில்லாத இருபதடி. அடுக்குமாடிக் குடியிருப்புகள் நீச்சல் குளத்துக்கும் வாகன நிறுத்தத்துக்கும் ஒதுக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிது. அந்த இருபதடியைக் கேட்டு வாங்கும் பொறுப்பும் வண்டி வாங்குபவர்களுக்கே வந்து சேர்கிறது.

பேகம் பஜாரின் கடையொன்றில் அடுக்கின் மேலிருந்து ஒரு வண்டி இறங்குகிறது. கடைக்காரர் தூசியைத் தட்டிவிட்டு நடைபாதையில் வைக்கிறார். குழந்தையைத் தூக்கி அதில் உட்காரவைக்கிறாள் அம்மா. குழந்தை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நிறத்தையும் ஹாரனையும் மட்டும் பார்க்கிறது. அம்மா கீழே குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு குதிகாலும் தரையில் படிகிறதா என்று கையை விட்டுப் பார்க்கிறாள்.